நாலு சில்லும் இழுக்கிற கார்

“சேர், அந்தக் கடிதம்…”

“குழி, குழி! வலப்பக்கம் குழி!”

“பார்த்திட்டன் சேர்.”

“பார்த்தனீரெண்டால் ஏன் அதுக்குள்ள விடுறீர்?”

“விடேல்ல சேர். பக்கத்தால போறன்.”

பின் இருக்கையிலிருந்து பஸ்மியா சொன்னாள்: “டீச்சர் சும்மா ஸ்டியரிங் வளையத்தப் பிடிச்சிக்கிட்டு இரிக்கிறா. கார் ஓட்டுற சேர்தான்.”

பள்ளிக்கூட அதிபர் யோகலிங்கம் சிரிக்கவில்லை. திரியாய்ச் சந்தியில் தார் றோட்டு முடிந்து கிரவல் தொடங்கினால் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அங்கிருந்து பனிச்சங்குளம் பள்ளிக்கூடம் ஏழு கிலோமீற்றர். நடுவில் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் இல்லை, தாம்போதிதான். தண்ணீர் மேலால் ஓடட்டும் என்றே பதிவாகப் போட்ட கொங்கிறீற்றுப் பாதை. கோடையில் அதன்மேல் ஆடு படுத்திருக்கும். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தாம்போதி இருக்கும் இடமே தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன்பு வரை, மாரி மாதங்களில் ஆசிரியர்கள் இக்கரைவரை வந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் அதற்குத் தாம்போதி லீவு என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு கணித ஆசிரியை கீர்த்தனியின் கணவன் சஞ்சீவன் டோஹாவில் இருந்துகொண்டே இந்தக் காரை வாங்கிக் கொடுத்தான். தீப்பெட்டி மாதிரிச் சின்னக் கார். அறுநூற்றறுபது சீசீ. ஆனால் நாலு சில்லும் இழுக்கும். முன்சில்லு வழுக்கினால் அந்தக் கணமே பின்சில்லுக்கு இழுவை போகும். லொறிக்காரன் தயங்கி நிற்கிற இடத்தில் அது நனைந்த கோழி மாதிரி உடம்பை உதறிக்கொண்டு ஏறிவிடும்.

அதன்பிறகு தாம்போதி லீவு இல்லை. நகரத்திலிருந்து அதிபரும் கீர்த்தனியும் காலை ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிடுவார்கள். இறக்கக்கண்டியில் விஞ்ஞான ஆசிரியை பஸ்மியா ஏறுவாள். பெற்றோல் முறை வைத்து அடிப்பது. திங்களும் வியாழனும் பஸ்மியா, வெள்ளி அதிபர், மிச்சம் கீர்த்தனி. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து அதிபருக்கு வலயக் கல்விக் கந்தோரில் கூட்டம் வந்துவிடுகிறது என்பது பஸ்மியாவின் கண்டுபிடிப்பு.

“சேர், பத்தாம் திகதிக்கு முதல் வலயத்தில குடுக்கவேணும். இல்லாட்டி மாற்றம் ரத்து,” என்றாள் வளையத்தைப் பிடித்திருந்த கீர்த்தனி.

“பொங்கல் முடியட்டும். மாரி ஓயட்டும். பிறகு ஒரு கையெழுத்தென்ன, ரெண்டாப் போட்டுத் தாறன்.”

“பொங்கலுக்குப் பிறகு அது வெறும் கடதாசி சேர்.”

“பிள்ளை, நான் மாட்டனெண்டு சொன்னனானோ? உம்மை விட்டால் இந்தத் தண்ணிக்குள்ளால என்னை ஆர் கொண்டு வாறது? பஸ்மியா டீச்சற்ற குடையோ?”

“என்ட குடைக்கு ஒரு கம்பி முறிஞ்சி போச்சு சேர். அதுவும் ஏலாது,” என்றாள் பஸ்மியா.

இடமாற்றம் ஒக்டோபரில் வந்தது. நகரப் பாடசாலை. வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம். பதினொரு வருடக் கஷ்டப் பிரதேசச் சேவைக்குப் பிறகு வந்தது. ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: பதிலாள் வரும்வரை விடுவிக்க இயலாது. அதிபர் ‘பதிலாள் இன்றி விடுவிக்கச் சம்மதம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் மட்டும் போகலாம். பனிச்சங்குளத்துக்குப் பதிலாள் வந்ததாகச் சரித்திரம் இல்லை. கடிதம் ஆறு வாரமாக அதிபரின் தோல் பைக்குள் கிடந்தது.

கீர்த்தனியின் மகளுக்கு எட்டு வயது. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால், தாய் வரும்வரை மூன்று மணித்தியாலம், பக்கத்து வீட்டு றுக்கியாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அன்று, வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வந்ததும் மகள் பெருமையாகச் சொன்னாள்: “அம்மா, றுக்கியா மாமிட வீட்டில நான் இருக்கிறதே தெரியாதாம். அவ்வளவு சத்தமில்லாம இருக்கப் பழகீட்டனாம்.”

கீர்த்தனி சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டே நின்றாள். அது கழுவி முடிந்து நெடுநேரமாகியிருந்தது.

---

சனிக்கிழமை காலை டோஹாவிலிருந்து சஞ்சீவனின் அழைப்பு வந்தது.

“லீற்றருக்கு எத்தனை ஓடுது?”

“பதின்மூண்டு.”

“பதின்மூண்டோ! இதே கார், முன்சில்லு மட்டும் இழுக்கிறது, பத்தொன்பது ஓடுதாம். எங்கட கொம்பனி ட்ரைவர் சொன்னவன். நீர் எங்கேயோ பிழையா மிதிக்கிறீர்.”

“நான் பிழையா மிதிக்கேல்ல. அது நாலு சில்லையும் சுத்தவேணும். அதுவும் கிரவலில.”

“கராச்சில ஒருக்காக் காட்டும்.”

றிஸ்கானின் கார் திருத்துகிற கராச் உப்புவெளியில், ஒரு வேப்பமரத்துக்குக் கீழ். கார் ஏற்றியில் தலைக்குமேல் உயர்ந்து நின்றது. அதன் வயிற்றைக் கீர்த்தனி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நீளமாக ஒரு இரும்புத் தண்டு.

“இதுதான் டீச்சர் சாஃப்ட். இஞ்சினுட இழுவைய பின்சில்லுக்குக் கொண்டு போறது இதுதான். எண்ணெய் குடிக்கிறதும் இதாலதான். தேவையில்லாத நேரமும் சுத்திக்கிட்டே இரிக்கும்.”

“போனமுறை ஒரு ரயரில ஆணி ஏறினதுக்கு நாலையும் மாத்த வைச்சனீங்கள்.”

“மாத்தத்தான் வேணும். நாலு சில்லும் இழுக்கிறதெண்டா நாலு ரயரும் ஒரே அளவுல தேயணும். ஒண்டு புதுசா, மூண்டு பழசா ஓடினா உள்ளுக்க ஒண்டையொண்டு இழுத்துக்கிட்டு சூடாகிப் போயிரும். பின்னுக்கு வேற ஒயில் மாத்தணும். கார் சின்னன், செலவு பெரிசு.”

“இதைக் கழட்டினால்?”

“சாஃப்டையா?” றிஸ்கான் கையைத் துணியில் துடைத்தான். “நாலு போல்ட். ஒரு மணித்தியால வேல. லீற்றருக்கு ரெண்டு மூண்டு கிலோமீற்றர் கூட வரும்.”

“அப்ப இது சாதாரணக் கார்?”

“சாதாரணக் கார். கடைக்குப் போகும், கலியாணத்துக்குப் போகும். வெளியில நிண்டு பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது. சேத்துல மட்டும் விட்றாதீங்க.”

மழை நின்ற வேப்பமரத்திலிருந்து ஒவ்வொரு துளியாக விழுந்துகொண்டிருந்தது. கீர்த்தனி அந்தத் தண்டையே பார்த்தாள். மூன்று வருடமாகத் தன்னைப் பனிச்சங்குளத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்திருப்பது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. நாலு போல்ட்.

“கழட்டுங்கோ.”

“வீட்டுக்காரருக்கிட்டக் கேட்டீங்களா?”

“அவர்தான் லீற்றரைக் கேட்கிறவர்.”

“சாஃப்டக் காருக்குள்ள வச்சி விடவா?”

“இஞ்சயே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மழை.

---

திங்கட்கிழமை மூன்றாம் தவணைப் பரீட்சை ஆரம்பம். வினாத்தாள் கட்டுகளை அதிபர் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தார். தாம்போதியின் இக்கரையில் கீர்த்தனி காரை நிறுத்தினாள். ஆறு பால் விடாத சாயத்தண்ணீர் நிறத்தில் ஓடியது. கொங்கிறீற்றுத் தெரியவில்லை. அளவுக்கம்பத்தில் ஒன்றரை அடி.

“ஏன் நிப்பாட்டினனீர்? போனகிழமை இதைவிடக் கூடத் தண்ணியில வந்தனாங்கள்.”

“ஃபோர் வீல் வேலை செய்யேல்ல சேர்.”

“எப்பவிருந்து?”

“சனிக்கிழமையில இருந்து.”

“கராச்சில காட்டினனீரோ?”

“காட்டினனான்.”

“அவன் என்ன சொன்னவன்?”

“சேத்தில விடவேண்டாமாம்.”

ஒரு சொல்லும் பொய் இல்லை என்று கீர்த்தனி தனக்குள் சரிபார்த்துக்கொண்டாள். பஸ்மியா பின்னால் வாய் திறக்கவில்லை. அது வழக்கம் இல்லை.

அக்கரையில் பிள்ளைகள் நின்றார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், வெள்ளைச் சீருடைக்குமேல் உரப்பையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு. ஒருவன் காரைக் கண்டதும், எழுதுவதற்குக் கொண்டுவந்த மட்டையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான்.

அதிபர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழங்காலுக்குமேல் மடித்தார். வலது முழங்காலில் பட்டி கட்டியிருந்தது.

“என்ன சேர் செய்யிறீங்கள்?”

“நீங்கள் ரெண்டு பேரும் இருங்கோ. பேப்பரை நான் கொண்டு போய்க் குடுக்கிறன். அறுபத்தொரு பிள்ளையள்.”

“இழுத்துக்கொண்டு போயிடும் சேர்!”

“போனால் போகட்டும். பதிலாள் கேளுங்கோ வலயத்தில.”

கதவைத் திறந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. அந்த ஒரு காலைத் தரையில் வைக்கவே அவர் கதவைப் பிடிக்கவேண்டியிருந்தது. கீர்த்தனி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

“ஏறுங்கோ சேர். ஏறுங்கோ. மெல்ல விட்டுப் பார்க்கிறன்.”

முக்கால்வாசி தூரம் கார் ஒழுங்காகத்தான் போனது. அக்கரையில், கொங்கிறீற்று முடிந்து மண் ஏறுகிற இடத்தை வெள்ளம் அரித்திருந்தது. முன்சில்லு இரண்டும் அதற்குள் இறங்கின. இரைந்து, சேற்றை வாரி இறைத்து, இன்னும் இறங்கின. பின்சில்லு இரண்டும் கெட்டிக் கொங்கிறீற்றின்மேல் நல்லபிள்ளையாக நின்றன. தள்ளிவிட அவற்றுக்கு இழுவை வரவில்லை. இயந்திரம் இருமி நின்றது.

தண்ணீரின் சத்தம் அப்போதுதான் கேட்டது. காரின் இரண்டு பக்கமும், அடியாலும்.

அதிபர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்: “டேய், இராகுலன்ர வயலுக்கு ஓடுங்கோ! உழவு மெசினைக் கொண்டு வரச் சொல்லுங்கோ!”

இரண்டு பேர் ஓடினார்கள். வயல் மூன்று கிலோமீற்றர்.

“இறங்கி நடப்பமோ? பத்தடிதானே,” என்றார் அதிபர்.

“கதவத் தொறந்தா ஆறு உள்ளுக்க வரும் சேர். பேப்பரெல்லாம் கஞ்சி,” என்றாள் பஸ்மியா. “மத்தது, போன மாரியில கனகம்மாட ஆட்டப் பிடிச்ச முதலை இந்தப் பக்கம்தான் இரிக்கி.”

“அது குளத்து வான் பக்கம் போயிட்டுது.”

“உங்களுக்குச் சொல்லிட்டா போச்சு?”

கதவின் றப்பரால் தண்ணீர் கசிந்து வந்தது. முதலில் மிதியடி விரிப்பு கறுத்தது. பிறகு மிதந்தது. மூன்று பேரும் காலைத் தூக்கி இருக்கையில் மடித்து வைத்தார்கள். வினாத்தாள்கள் டாஷ்போர்ட்டுக்கு ஏறின. மழை திரும்பவும் பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினார்கள். மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து, சிறிது நேரத்தில் ஆறும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. சின்னக் கார். கையை நீட்டினால் அடுத்த ஆளில் முட்டியது.

அரைமணித்தியாலத்தில் அதிபர் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, அந்த இடுக்கால் பிள்ளைகளோடு கத்தத் தொடங்கினார். ‘கரையில நிக்காதை, பின்னுக்குப் போ’ என்று. அந்தச் சத்தத்துக்குள் பஸ்மியா முன்னால் குனிந்து, கீர்த்தனியின் காதுக்குள் கேட்டாள்:

“சாஃப்ட் எங்க?”

கீர்த்தனி சட்டென்று திரும்பினாள். “உங்களுக்கு எப்பிடி…”

“றிஸ்கான் என்ட மாமிட மகன். அவன்ட பொஞ்சாதி றிஷானா நேத்து எங்கட வீட்டதான் பகல் சோறு. ‘உங்கட டீச்சர் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறா’ எண்டு சிரிச்சா. நான் சிரிக்கல்ல.”

“சேரிட்டச் சொல்லப் போறீங்களோ?”

“சொல்லுற எண்டா கரையிலயே சொல்லியிருப்பன்.” பஸ்மியா இன்னும் குனிந்தாள். “நீங்க போனா நான் எதுல வாற எண்டு ஒரு நாள் யோசிச்சீங்களா டீச்சர்?”

கீர்த்தனி யோசிக்கவில்லை. ஆறு வாரமாக எத்தனையோ யோசித்தாள். அதை மட்டும் யோசிக்கவில்லை.

“கேட்டுப் பாத்தன். வேற ஒண்டுமில்ல,” என்று பஸ்மியா பின்னால் சாய்ந்துகொண்டாள்.

அதிபர் கண்ணாடியை ஏற்றினார். மடித்து வைத்த முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இருக்கையின் அடிக்கம்பியைத் தொட்டது.

“திருத்த ஏலாதோ இதை?” என்று கடைசியில் கேட்டார்.

“தெரியாது சேர்.” இது பொய். இன்றைக்கு முதலாவது.

“ஜப்பான் சாமான். பழசு கொழும்பிலதான் கிடைக்கும். கிடைச்சாலும் தை மாசம் ஆகும்.” பெருமூச்சு விட்டார். “கார் இல்லையெண்டால் பிறகு உம்மைப் பிடிச்சு வைச்சிருந்து என்ன? நீரும் எங்களோட இக்கரையில நிண்டு தண்ணி பார்ப்பீர். அவ்வளவுதானே.”

தோல் பையைத் திறந்தார். கடிதம் நடுவில் மடிந்து, ஓரம் ஈரமாகி இருந்தது. வினாத்தாள் கட்டின்மேல் அதை விரித்து, பேனையை எடுத்தார். அதிபருக்கு நல்ல கையெழுத்து. கரும்பலகைக்கென்றே பழகியது. அவசரப்படாது. ‘பதிலாள்’ என்று எழுதினார். ‘இன்றி’ என்று எழுதினார். கீர்த்தனி அந்தப் பேனை முனையையே பார்த்தாள்.

‘விடுவிக்கச்’ என்ற சொல்லில் பேனை நிற்க, அக்கரையில் உழவு மெசினின் சத்தம் கேட்டது.

“வந்திட்டான்! இராகுலன் வந்திட்டான்!” அதிபர் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

இராகுலன் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன். தடியால் தண்ணீரை அடித்துக்கொண்டு இறங்கி வந்தான். வெள்ளம் அரித்த இடத்தில் இடுப்பளவு. கயிற்றுக் கொளுக்கியைத் தோளில் போட்டிருந்தான். கொழுவ இடம் தேடிக் காருக்கடியில் ஒரு கையை விட்டான். முகத்தைத் தண்ணீரோடு ஒட்டவைத்துக்கொண்டு இரண்டாவது கையையும் விட்டான். தடவினான். இன்னும் உள்ளுக்கு.

“சேர்! நடுவில தண்டைக் காணேல்ல!”

“என்ன தண்டு?”

“பின்சில்லுக்குப் போற சாஃப்ட் சேர். நான் கொஞ்சக்காலம் கராச்சில நிண்டனான், எனக்குத் தெரியும். கழண்டு விழுந்திட்டுது போல. ஆத்துக்குள்ளதான் கிடக்கும்!” இராகுலன் நிமிர்ந்து கரையைப் பார்த்துக் கூப்பிட்டான். “டேய் பெடியள்! பெரியாக்கள் நாலுபேர் இறங்குங்கோ! இரும்புச் சாமான். இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் அந்த மருதமரத்தடிக்கு அங்கால போயிராது. காலால தடவுங்கோ!”

“ஓமோம், தேடுங்கோ! அது கிடைச்சால் நாளைக்கே பூட்டலாம்!” என்றார் அதிபர். கையில் பேனை அப்படியே இருந்தது.

உரப்பைகள் கரையில் விழுந்தன. மட்டையை ஆட்டிய பையன் சப்பாத்தைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, முதலாவதாகத் தண்ணீருக்குள் காலை வைத்தான். தண்ணீர் அவனை ஒரு எட்டுப் பக்கவாட்டில் தள்ளியது. அவன் சிரித்தான். பின்னால் இன்னும் மூன்று பேர்.

பஸ்மியா கீர்த்தனியைப் பார்த்தாள்.

இன்னும் ஒரு சொல்லும் ஒரு கையெழுத்தும். அவ்வளவு நேரம் போதும். பையன் நெஞ்சளவுக்கு வந்திருந்தான்.

“தேட வேண்டாம்!” கீர்த்தனிக்குத் தன் குரலே பிடிபடவில்லை. “ஏறுங்கோ எல்லாரும்! கரைக்கு ஏறு! அது ஆத்தில இல்லை. றிஸ்கான்ர கராச்சில கிடக்குது. நான்தான் கழட்டினனான்!”

பிள்ளைகள் ஏறினார்கள், ஏன் என்று விளங்காமல். இராகுலன் கொளுக்கியோடு நின்றான். ஏதோ பெரிய இடத்துக் கதை என்று தெரிந்துகொண்டு, முன்பக்கம் போய்க் குனிந்துகொண்டான்.

அதிபர் பேனையை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் காருக்குள் பெரிதாகக் கேட்டது.

“கழட்டினீரோ.”

“ஓம் சேர்.”

“என்னத்துக்கு?”

“போறதுக்கு. வேற வழி தெரியேல்ல.”

“அறுபத்தொரு பிள்ளையள் பரீட்சைக்குக் காத்து நிக்க, நீர்…”

“எனக்கும் ஒரு பிள்ளை இருக்குது சேர்.” கீர்த்தனி திரும்பி அவரைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தை அவள் நேரே பார்த்ததில்லை. “அவள் அடுத்த வீட்டில சத்தமில்லாம இருக்கப் பழகீட்டாள். உங்களுக்கு உண்மையா என்ன வேணும்? நானோ, காரோ?”

அவர் கரையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

“கணக்குக்கு டீச்சர் வேணுமெண்டு வலயத்தில ஒருக்கா எண்டாலும் கேட்டீங்களோ? கேட்கேல்ல. எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் போய் விசாரிச்சனான். பனிச்சங்குளத்தில வெற்றிடம் இல்லையெண்டு இருக்குது.”

“கேட்டால் மட்டும் தந்து கிழிச்சிடுவினமோ?”

“அப்ப கார்தான்.” சாவியை உருவி எடுத்தாள். வினாத்தாள் கட்டின்மேல், கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “வைச்சிருங்கோ. பதிலாள் வரும்வரைக்கும் இது நிக்கட்டும். சாஃப்டை நாளைக்கே பூட்டித் தாறன். என்னை விடுங்கோ.”

“விசரே உமக்கு? இவ்வளவு பெரிய சாமானை… சஞ்சீவன் என்ன சொல்லும்?”

“லீற்றருக்கு எத்தனையெண்டு இனி உங்களிட்டக் கேட்கட்டும்.”

“ஆர் ஓடுறது?”

“உங்களிட்ட லைசன்ஸ் இருக்குதெண்டு சொன்னனீங்கள்.”

“அது எண்பத்தொன்பதில எடுத்தது. எடுத்ததோட சரி.” அவர் சாவியைத் தொடாமல் பார்த்தார். “நான் இந்த ஆத்துக்குள்ள காரை விடுறதோ? நடக்கிற கதையைக் கதையும்.”

“எனக்கு இரிக்கி,” என்றாள் பஸ்மியா.

இருவரும் திரும்பினார்கள்.

“லைசன்ஸ். ஆறு வருஷம். அலுமாரிக்குள்ள உடுப்புக்குக் கீழ. எங்கட கூடப்பிறந்த நாநா, பொம்பளைக்கு என்னத்துக்குக் கார் எண்டிட்டார். பள்ளிக்கூடத்துக் காரெண்டா அவருக்கும் சொல்ல ஒண்டுமில்ல.”

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீரும் இடமாற்றத்துக்குப் போட்டிருந்தனீரல்லோ?”

“மூண்டு தரம்.”

“காரை எடுத்தீரெண்டால்…”

“தெரியும் சேர். எடுத்தா எனக்கு உங்கட கையெழுத்துக் கிடைக்காது.” பஸ்மியா சிரித்தாள். வழக்கமான சிரிப்புத்தான். “எடுக்காம இரிந்த மூண்டு தரமும் கிடைச்ச மாதிரி!”

கீர்த்தனிக்கு, வேண்டாம் பஸ்மியா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவேண்டிய நேரம் அதுதான், அதைவிட்டால் இல்லை என்றும் தெரிந்தது. உதட்டை மடித்துக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே இராகுலன் கொளுக்கியைக் கொழுவிவிட்டுக் கை காட்டினான்.

அதிபர் பேனையைத் திறந்தார். ‘சம்மதம்’ என்று எழுதினார். கையெழுத்து வைத்தார். திகதி போட்டார். மையை ஊதிக் காயவைத்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து, அவள் முகத்தைப் பாராமல் நீட்டினார்.

“இழுக்கேக்க ஆராவது வளையத்தைப் பிடிக்கவேணும்!” என்று இராகுலன் கத்தினான். “ஒரு ஆள் இறங்கினால் பாரமும் குறையும். பேப்பரைத் தாங்கோ!”

“நீங்க இறங்குங்க டீச்சர்,” என்றாள் பஸ்மியா. “நான் பிடிக்கிறன்.”

அவள் பின் இருக்கையிலிருந்து நடுவால் முன்னுக்கு ஏறினாள். ஹபாயா அங்கி கியரில் மாட்டி, இழுத்து எடுக்கவேண்டியிருந்தது. கட்டின்மேல் கிடந்த சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். கீர்த்தனி தன் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கி, அந்த வழியாக வெளியே போனாள். கதவைத் திறக்க ஏலாதே. முதலில் கால், பிறகு உடம்பு. இராகுலன் கையைப் பிடித்து இறக்கினான். தண்ணீர் இடுப்பில் குளிராக ஏறியது. கடிதத்தைச் சட்டைக்குள் செருகி, வினாத்தாள் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்தாள். மெசினின் பின்பெட்டியில் பிள்ளைகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நனைந்த உரப்பை ஒன்றை யாரோ அவள் தோளில் போட்டார்கள்.

மெசின் உறுமியது. கயிறு தண்ணீரைச் சொட்டிக்கொண்டு எழும்பி இறுகியது.

மெசினை ஓட்டிய இராகுலன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்: “எனக்கு இஞ்சயிருந்து தெரியாது. பின்னால வருதோ டீச்சர்?”

கீர்த்தனி திரும்பினாள். கார் சேற்றுக்குள்ளிருந்து முகத்தை நிமிர்த்தியது. முன்சில்லு இரண்டும் ஒரு பக்கம் திரும்பி, பிறகு நேராகின. கண்ணாடிக்குப் பின்னால் பஸ்மியா வளையத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கீர்த்தனியைப் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் பார்த்தாள்.

“வருது,” என்றாள் கீர்த்தனி.